கரண்டி, சைக்கிள் விலைக்கு

ஒரு பெண் குழந்தையின் எதிர்காலம், அந்த வருடத்து நிலவரப்படி, பழைய வாடகையைப் போல மூன்று மடங்கு. அதில் சல்லிக்காசு குறையாது. அந்த விலைக்கு இரண்டு அறைகள், பக்கவாட்டில் நுழைந்தால் மட்டும் ஆள் கொள்ளும் சமையலறை, துணி காயப்போட்டால் நிற்க இடமில்லாத ஒரு பால்கனி. கூடவே ஒரு முகவரி. உண்மையில் விலை முகவரிக்குத்தான். வீடு, போனால் போகிறதென்று சேர்த்துக் கொடுத்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம் அப்படி. சுற்றியிருக்கும் ஆறு தெருக்களில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம். ஏழாவது தெருவில் மேதையே பிறந்தாலும் பஸ் பிடித்து வேறெங்காவது போக வேண்டியதுதான். வீட்டை வாடகைக்கு எடுத்துப் பூட்டிப் போட்டுவிட்டு முகவரியை மட்டும் காட்டிய கில்லாடிகளும் உண்டு. அவர்களால் வந்த வினை, வருடத்துக்கு ஒருமுறை பள்ளியிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்து, பல் துலக்கும் பிரஷ்கள் ஈரமாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். காய்ந்திருந்தால் சீட்டுக் கிழிந்தது.

கொடாக்கண்டி அங்கே குடிவந்த கதை இதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது பழைய கடைவீதி வைத்த பெயர். அப்பாவுக்குப் பாத்திரக்கடை, இப்போது அண்ணனுக்கு. சின்ன வயதிலேயே கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேட்ட விலைக்குக் கொடுக்காமல் அழும்பு பண்ணியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவள். வருகிறவர் கண்ணில் ஆசை எவ்வளவு, பையில் காசு எவ்வளவு என்று ஒரே பார்வையில் அளந்து முதல் விலையைச் சொல்வாள். முதல் விலை என்பது விலையே அல்ல. அது ஒரு வணக்கம். "எழுநூறா? பாத்திரத்தோட கடையையும் சேர்த்துத் தர்றியா?" என்று கேட்பது பதில் வணக்கம். அதற்குப் பிறகுதான் இரண்டு மனிதர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள்.

அவளுக்கு வாய்த்த கணவனோ பஸ் கண்டக்டர். எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு எவ்வளவு என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்ட உலகத்தில் வாழும் மனிதர். மகள் இந்த இருவருக்கும் நடுவில் வளர்ந்தாள். "பத்து வாய் சாப்பிடு" என்றால் "நாலு" என்பாள். ஏழில் முடியும். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

வாடகை மூன்று மடங்கு ஆனதால் கண்டக்டர் சம்பளம் மாதத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கியது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த கடையைக் கொடாக்கண்டி ஒரு வருடத்துக்குப் பிடித்தாள். அண்ணன் ஒரு வேன் நிறையப் பாத்திரம் ஏற்றி அனுப்பினான். கடை ஓடினால் வீடு இருக்கும், வீடு இருந்தால் முகவரி இருக்கும், முகவரி இருந்தால் மகளின் சீட்டு இருக்கும். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. கீழே நின்றது கடை.

அந்தத் தெருவில் முன்னொரு காலத்தில் சைக்கிள் கடை, தையல் கடை, பூட்டுக்கடை எல்லாம் இருந்தனவாம். பள்ளிக்கூடத்துக்குப் பேர் கூடக் கூட வாடகையும் கூடி, எல்லாம் நடையைக் கட்டிவிட்டன. இப்போது காபிக் கடை, டியூஷன் சென்டர், அதற்குப் பக்கத்திலேயே மூக்குக் கண்ணாடிக் கடை, மறுபடியும் டியூஷன் சென்டர், கேக் கடை. நாய்க்கு முடி வெட்ட மட்டும் இரண்டு இடம். ஒரு வடிகட்டி வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். இங்கே பாத்திரக்கடை போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

கடை திறந்த அன்று முதலில் உள்ளே வந்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். இஸ்திரி போட்ட புடவை, இஸ்திரி போட்ட முகம். அவர் மகனும் அதே பள்ளிதான். அடிகனமான பாத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"எவ்வளவு?"

"எழுநூறு," என்றாள் கொடாக்கண்டி, நானூறில் முடிக்கிற உத்தேசத்தோடு. முதல் போணி, நல்ல சண்டையாக இருக்க வேண்டும் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

செயலாளர் போனை எடுத்தார், ஒரு தட்டுத் தட்டினார். எழுநூறு வந்துவிட்டது.

மூடியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் இடித்த கதவு திறந்தே இருந்தால் எப்படி இருக்கும்? கொடாக்கண்டி தடுமாறிப் போனாள்.

"அம்மா, ஒரு வார்த்தை பேசுங்களேன். குறைச்சுத் தர்றேன்."

செயலாளரின் முகம் சிவந்தது. "ஏன், என்னைப் பார்த்தா குறைச்சுக் கேட்கிற ஆள் மாதிரியா இருக்கு?" பாத்திரத்தை அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

அடுத்து வந்தவரும் அப்படியே. சொன்ன விலை, ஒரு தட்டு, நன்றி. அவரிடம் வாங்கியபோது நெஞ்சு உறுத்தியது. பொய் சொல்வானேன், மூன்றாவது ஆளிடம் உறுத்தவில்லை. அண்ணனிடம் போனில் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்தத் தெருவுல எனக்கும் ஒரு இடம் பாரு தாயி. இங்க ஒரு டம்ளருக்கு ஒரு மணி நேரம் தொண்டைத் தண்ணி வத்துது."

பேசத் தெரிந்தவர்களும் வந்தார்கள். அவர்கள் அந்தத் தெருவில் வேலை செய்தவர்கள், குடியிருந்தவர்கள் அல்ல. வாட்ச்மேன், டிரைவர், வீட்டு வேலைக்கு வருபவர்கள். ஒருநாள் ஒரு சமையல்காரம்மா அதே அடிகனமான பாத்திரத்துக்கு மல்லுக்கு நின்றாள். "எழுநூறா? எனக்கென்ன பள்ளிக்கூடத்துல சீட்டா தர்றே?" என்று ஆரம்பித்து, முன்னூற்றெண்பதுக்கு முடித்து, ஒரு மூடியையும் சும்மா பிடுங்கிக்கொண்டு போனாள். கொடாக்கண்டிக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

அந்தச் சமையல்காரம்மா வேலை செய்தது செயலாளர் வீட்டில்.

அடுப்பில் இருந்த பாத்திரத்தின் விலையைக் கேட்டு, "இதுக்குப் போயி எழுநூறா கொடுத்தீங்க? என்கிட்ட சொல்லியிருந்தா பாதி விலைக்கு வாங்கியாந்திருப்பேனே!" என்று அவள் பெருமையடித்துக்கொண்டது வெகுளியாகத்தான். ஆனால் போனில் இருக்கும் சங்கத்துக் குழுவில் அது அப்படிப் போகவில்லை. ஒரே பாத்திரம், ஆளுக்கொரு விலை. ஏமாற்று வேலை. நம் தெருவுக்கு இது தேவையா? இருபது பேர் கையெழுத்துப் போட்ட புகார் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் போயிற்று.

கட்டடக்காரர் சாது. பல்வலிக்காரர் பேசுவதுபோலப் பேசுவார்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா அத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இந்த மாசத்தோட உங்க ஒரு வருஷம் முடியுது. அதுக்குள்ள கடையில இருக்கிற எல்லாப் பொருள்லயும் விலை ஒட்டியிருக்கணும். இல்லைன்னா கடையைப் புதுப்பிக்க முடியாது. அந்தக் கேக் கடைக்காரர் இன்னொரு கிளைக்கு இடம் கேட்டுட்டே இருக்கார்."

அன்று மாலை பள்ளி விட்டு வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா, நீ ஏமாத்துக்காரியா?"

"யார் சொன்னா?"

"கிளாஸ்ல எல்லாரும்."

கொடாக்கண்டி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் தான் பெற்ற பெண்ணிடம் முதல் விலை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஊர்ல இருக்கிற எல்லாரையும் இல்லை. வாயைத் திறக்காதவங்க சில பேரை."

"அப்போ ஆமாவா?"

"ஆமா. கொஞ்சம்."

மகள் யோசித்தாள். "இனிமே?"

அதற்குப் பதில் கண்டக்டரிடம் இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நானூத்தம்பதுன்னு எழுது, ஒட்டு, முடிஞ்சுது. என் பஸ்ல யாராவது டிக்கெட்டுக்குப் பேரம் பேசுறாங்களா?"

"உங்க பஸ்ல கண்டக்டரும் பேசுறதில்லை, ஏறுறவனும் பேசுறதில்லை. எல்லாரும் ஜன்னலைப் பார்த்துட்டு வர்றாங்க."

"போய்ச் சேர்றாங்க இல்லை?"

"நானூத்தம்பதுன்னு ஒட்டினா சமையல்காரம்மா எப்படிங்க வாங்குவா? முன்னூத்தெண்பதுன்னு ஒட்டினா நான் எப்படி வாடகை கட்டுவேன்? அவகிட்ட கம்மியா வாங்கினதைத்தான் இவங்ககிட்ட ஈடுகட்டுறேன். அதுவும் இல்லாம, இப்போ போய் ஒழுங்கா விலை எழுதி ஒட்டினா, ஆமா நான் திருடிதான், திருந்திட்டேன்னு எழுதி ஒட்டின மாதிரி. நான் திருந்துறதா இருந்தா என் வழியில திருந்துவேன்."

"உன் வழியில போனா பிள்ளை சீட்டு போயிடும்டி!"

அது அவளுக்குத் தெரியாதா? இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தாள். பொய் விலைக்குப் பேசாமல் காசு கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தால் தன் கையும் சும்மா இருப்பதில்லை, நீளுகிறது. இரண்டையும் ஒரே அடியில் நிறுத்த என்ன வழி? மூன்றாம் நாள் காலை பஸ் ஏறிப் போய் ஒட்டும் சீட்டு ஒரு கட்டு வாங்கி வந்தாள். மகளை மேலிருந்து கூப்பிட்டாள். அன்று பள்ளி விடுமுறை.

"எழுது. கரண்டி, ஆறாயிரம்."

மகள் பேனாவோடு நிமிர்ந்தாள். "ஆறாயிரமா?"

"ஆறாயிரம். வடிகட்டி, நாலாயிரம். அடிகனமான பாத்திரம், இருபதாயிரம்."

"அம்மா, இது பொய்."

"அதான். பார்த்த உடனே பொய்னு தெரியணும். எவ்வளவு பணக்காரனா இருந்தாலும் வாயைத் திறந்தே ஆகணும். இந்த விலையைப் பேசாம கொடுத்துட்டுப் போக இந்தத் தெருவுல ஆள் கிடையாது. நானே நினைச்சாலும் யாரையும் ஏமாத்த முடியாது."

மகளின் முகத்தில் மெல்ல விளக்கெரிந்தது. "இன்னொரு சைபர் போடட்டுமா?"

"தட்டுக்கு மட்டும் போடு."

சாயங்காலத்துக்குள் கடையே சைபர்களால் நிறைந்துவிட்டது. வேலை முடிந்து வந்த கண்டக்டர் வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். மாடிப்படி ஏறிப் போய்ப் படுத்துவிட்டார்.

மாதக் கடைசி நாள், பள்ளி விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கட்டடக்காரர் வந்தார்.

"விலை ஒட்டியாச்சாம்மா?"

"ஒட்டியாச்சுங்க. ஒரு ஸ்பூன் விடலை. வந்து பாருங்க."

அவர் நிம்மதியாக மூக்குக் கண்ணாடியை மாட்டினார். நிம்மதி கண்ணாடி மாட்டும் வரைக்கும்தான் இருந்தது. "கரண்டி... ஆறாயிரம்? அம்மா, இது சைக்கிள் விலையாச்சே!"

"பெல்லும் ஸ்டாண்டும் இல்லைங்களே. அதனால கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

"விளையாடுறீங்களா?"

"நீங்க விலை ஒட்டச் சொன்னீங்க, ஒட்டிட்டேன். இன்ன விலைதான் ஒட்டணும்னு சொல்லலையே?"

அவர் பாவம், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இதற்குள் செய்தி பரவி, பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பெற்றோர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். படம் எடுத்தார்கள், சிரித்தார்கள். நாய்க்கு முடி வெட்டுபவர் கத்தரிக்கோலும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"நிஜமாவே கரண்டி ஆறாயிரமா?"

"நீங்க என்ன தருவீங்க?"

"நானா?" அவர் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறாள் என்று நினைத்து. "ஒரு... அம்பது?"

"அம்பதா! கையில கத்தரி இருக்கு இல்ல, என் கழுத்தையும் வெட்டிட்டுப் போயிடுங்க. தொண்ணூறு."

"ஆறாயிரம்னு போட்டிருக்கு, தொண்ணூறுங்கிறீங்க?"

"அப்போ ஆறாயிரமே கொடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எழுபதில் முடிந்தது. அவர் கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, புலிக்கே முடி வெட்டியவர்போல வெளியே போனார். அடுத்து ஒரு டியூஷன் வாத்தியார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வடிகட்டி பக்கம் நகர்ந்தார்.

அப்போதுதான் செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இதுக்குப் பேர் திமிர்."

"இல்லைங்க. இதுக்குப் பேர் விலை."

"இருபது பேர் கையெழுத்துப் போட்டதைக் கேலி பண்றீங்க. சார், பார்த்தீங்கள்ல?" என்றார் கட்டடக்காரரிடம். கட்டடக்காரர் பல்வலியோடு தலையாட்டினார்.

கொடாக்கண்டி கல்லாவை விட்டு வெளியே வந்தாள். கூட்டத்தின் ஓரத்தில், சீருடையோடு மகள் வந்து நிற்பது தெரிந்தது. இனி பின்வாங்க வழியில்லை.

"அம்மா, அன்னைக்கு உங்ககிட்ட எழுநூறு வாங்கினது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு. ஆனா நான் பேசுங்கன்னு கெஞ்சினேன். நீங்க வாயைத் திறக்கலை. இன்னைக்காவது திறங்க. அதே பாத்திரம் இங்க இருக்கு, இருபதாயிரம். புகார் எழுதத் தெரியுது. ஒரு விலை கேட்கத் தெரியாதா?"

செயலாளர் பாத்திரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"இருநூறு."

கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பாத்திரத்தின் அசலே முன்னூற்று நாற்பது. கொடாக்கண்டிக்கு உச்சந்தலையில் ஜிவ்வென்றது. அது விலையல்ல, வணக்கம். அதுவும் கன்னத்தில் அறைந்து சொன்ன வணக்கம்.

"இருநூறா? இருநூறுக்கு இதோட நிழல்தான் வரும்."

"நிழலை நீயே வச்சுக்கோ." செயலாளர் பாத்திரத்தைத் தூக்கிக் காதருகே வைத்துச் சுண்டினார். கவிழ்த்துப் பார்த்தார். "அடிகனம்னு சொல்றே, அடி எங்க இருக்கு? தேடிப் பிடிக்கணும்போல இருக்கே."

"நானூத்தம்பது. அடிக்கு உத்தரவாதம்."

"இந்த மூடி ஆடுது."

"மூடி வேற பாத்திரத்தோடது, நீங்க மாத்திப் போட்டுப் பார்க்குறீங்க!"

"அப்போ பொருத்தமான மூடியையும் சேர்த்து, இருநூத்தம்பது."

பாத்திரத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மட்டமான ஒன்றை எடுத்து, அதுதான் பிடித்திருப்பதுபோல மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடாக்கண்டிக்குக் கண் விரிந்தது. புத்தகம் படித்து வருகிற வித்தை இல்லை இது. வாங்க வந்ததைத் தொடாமல் வேண்டாததைத் தடவிக்கொடுக்க, கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

"நானூறு. என் வீட்டுக்காரர் சம்பளத்துல கைவைக்கிறீங்க."

"முன்னூறு. உன் வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் உண்டு, எனக்குத் தெரியும்."

"முன்னூத்தெண்பது. உங்க சமையல்காரம்மா கொடுத்த விலை. அதுக்குக் கீழே போனா அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"அவ முகத்துல நான்தான் தினமும் முழிக்கிறேன். அவளைவிட கம்மியா வாங்கலைன்னா என் வீட்ல எனக்கு மரியாதை இல்லை. முன்னூத்து முப்பத்தஞ்சு, மூடியோட. இல்லைன்னா வர்றேன்."

திரும்பினார். வாசல்படி இறங்கினார். கொடாக்கண்டி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள், திரும்பிப் பார்ப்பார் என்று. பார்க்கவில்லை. கூட்டம் வழிவிட்டது. இன்னும் நாலடி போனால் தெரு முனை.

"எடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினாள் கொடாக்கண்டி. அசலுக்கும் கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக.

கூட்டம் கை தட்டியது. செயலாளர் திரும்பி வந்தபோது புடவையின் இஸ்திரி கலைந்திருந்தது, முகத்தினுடையதும். பாத்திரத்தைப் பையில் போடும்போது கொடாக்கண்டி குனிந்து, மற்றவர் காதில் விழாமல் கேட்டாள்.

"எந்தக் கடை?"

"செருப்பு," என்றார் செயலாளர், அதே தாழ்ந்த குரலில். "எங்கப்பாவோடது. பத்து வருஷம் உட்கார்ந்திருக்கேன்."

"அப்புறம் ஏன் அன்னைக்கு..."

"இந்தத் தெருவுல யாரும் பேச மாட்டாங்கன்னு நினைச்சேன். வாயைத் திறந்தா எங்கிருந்து வந்தவன்னு தெரிஞ்சுடுமேன்னு. என் மகனுக்காக வந்து மூணு வருஷமா வாயை மூடிக்கிட்டே இருக்கேன்." பிறகு நிமிர்ந்து, ஊருக்கே கேட்கும் குரலில், "காசு நான் தரமாட்டேன். அன்னைக்குக் கொடுத்த எழுநூறுல கழிச்சுக்கோ. அந்தப் பாத்திரமும் இதே விலைதான்."

"அதெப்படி! அது போன வருஷத்துப் பாத்திரம்!"

"பழசுன்னா இன்னும் கம்மியாகணும்."

கூட்டத்தில் அவள் மகள் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, நீதான் அவங்களுக்கு முப்பது தரணும்!"

"தர்றதா இல்லை," என்றாள் கொடாக்கண்டி.

"என்னது?"

"இன்னொரு நாள் வந்து சண்டை போட்டு வாங்கிக்கோங்க."

கட்டடக்காரர் இதற்கெல்லாம் முடிவே கிடையாதா என்பதுபோல எழுந்து, தொண்டையைச் செருமினார். "அப்போ மேடம்... அந்தப் புகார்? கேக் கடைக்காரருக்கு என்ன சொல்ல? கடையைக் காலி பண்ணச் சொல்லணுமா?"

"யார் காலி பண்றது?" செயலாளர் அவர் மேல் சீறினார். "முப்பது பாக்கி வச்சிருக்கா சார் இவ. கடையைக் காலி பண்ணிட்டா நான் எங்க போய் யார்கிட்ட வாங்குறது? இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிச்சுக் கொடுங்க. மத்தவங்க கையெழுத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

டியூஷன் வாத்தியார் வடிகட்டியை நீட்டியபடி இன்னும் நின்றுகொண்டிருந்தார். "முப்பத்தஞ்சுக்கு வருமா?" என்றார் பயந்துகொண்டே. கொடாக்கண்டி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அன்று கடை அடைக்கும்போது மகள் கல்லாமேல் உட்கார்ந்து, யார் ஜெயித்தது என்று கேட்டாள். கொடாக்கண்டி வாய்க்கணக்காகச் சொன்னாள். வரவு எழுநூறு. பாத்திரம் இரண்டு, அறுநூற்றெழுபது. அசலில் நஷ்டம் பத்து, சும்மா போன மூடி ஒன்று. கடை, ஒரு வருடம். பாக்கி முப்பது, கொடுப்பதாக இல்லை.